மடிப்பக்காவும் இரண்டாம் மடிப்பும்

மருத்துவமனை ஆராய்ச்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்தெட்டு. வலது முழங்காலில் வலி, அதற்கு ஒன்றும் செய்துகொள்வதில்லை. காலை எட்டரைக்கு வந்து உட்கார்ந்தால் ஐந்தரை வரை கணினியில் ஆர்.என்.ஏ. இழைகளை மடித்துப் பார்ப்பது அவள் வேலை.

அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவள் நேராகவே சொல்லிவிடுவாள். ஆர்.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் கோத்த இழை. ஏ, யூ, ஜி, சி. ஏவும் யூவும் ஒட்டிக்கொள்ளும். ஜியும் சியும் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். சி கிடைக்காவிட்டால் ஜி, யூவோடு ஒப்பேற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட இழை தண்ணீரில் சும்மா கிடக்காது. தன்மேலேயே வளைந்து, ஜோடி தேடி, ஏதோ ஒரு வடிவத்துக்கு வந்து நிற்கும். எந்த வடிவம் என்பதுதான் கேள்வி. நூறு எழுத்து இருந்தால் மடியக்கூடிய வழிகளை எண்ணி மாளாது. அதனால் நிரல் ஒவ்வொரு வழியாகப் பார்ப்பதில்லை. ஐந்தாறு எழுத்துத் துண்டுகளுக்கு எது நல்ல மடிப்பு என்று பார்த்து ஓர் அட்டவணையில் எழுதிவைத்துக்கொள்ளும். அந்த விடைகளை வைத்துக்கொண்டு அடுத்த அளவுத் துண்டு, அதை வைத்து அதற்கும் பெரிய துண்டு. கடைசியில் முழு இழைக்கும் ஒரு படமும் ஓர் எண்ணும் வரும். எண் எவ்வளவுக்குக் கீழே போகிறதோ வடிவம் அவ்வளவுக்கு உறுதி. கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் விழலாம், தரையில் படுத்திருப்பவர் விழமாட்டார். அவ்வளவுதான் கணக்கு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் கீழ்த்தளத்தில் பதிவுக் கவுன்ட்டரில் நோயாளிகளின் பெயரையும் எண்ணையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மேலே மடிப்பு வேலை பார்த்தவர் வேறு வேலைக்குப் போனபோது, பிழையில்லாமல் எழுத்து அடிக்கும் ஆள் வேண்டும் என்று தேடினார்கள். இவள் போனாள். தடித்த கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு எட்டு மாதம் படித்தாள். புரியாததை மூன்று முறை படித்தாள், அப்போதும் புரியாததைச் செய்து பார்த்தாள். அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். "அங்க நாள் முழுக்க மடிக்கிறா, இங்க துவைச்ச துணி மலை மாதிரி குவிஞ்சு கிடக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மலையைக் கடைசியில் அவரேதான் மடித்து வைப்பார்.

பன்னிரண்டு வருடம் நிரல் தரும் பட்டியலில் முதல் வரியில் இருக்கும் வடிவத்தை மட்டும் அவள் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு வடிவம். அதுவரைக்கும் வம்பே வரவில்லை.

வம்பு தொண்ணூற்று நான்கு எழுத்து இழை ஒன்றால் வந்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்குக் கொடுக்கும் ஒரு மருந்து இரத்தத்தில் அளவு மீறினால் காட்டிக்கொடுக்கும் காகிதச் சோதனைப் பட்டைக்காக அதை உருவாக்கியிருந்தார்கள். இழை சரியாக மடிந்தால் நடுவில் ஒரு குழி உண்டாகும், மருந்து அதில் போய் உட்காரும், பட்டை நிறம் மாறும். தப்பாக மடிந்தால் குழி கிடையாது. விஷம் தலைக்கேறினாலும் பட்டை வெள்ளையாகவே இருந்துவிடும்.

மடிப்பக்காவின் நிரல் குழி உண்டு என்றது. எண், கழித்தல் முப்பத்தொன்று புள்ளி இரண்டு. இழையின் தலையும் வாலும் வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே குழி. அழகான படம். அவள் கையெழுத்துப் போட்டாள்.

நிஜ இழையைச் சோதிப்பது அடுத்த அறையில் இருக்கும் கிளவுஸ். வேலை நேரத்தில் கையுறையைக் கழற்றவே மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். போன் வந்தால்கூட முழங்கையால் தட்டிப் பேசுவாள். மடிப்பக்காவைவிட இரண்டு வயது சின்னவள், பதினெட்டு வருட அனுபவம். இழையைச் சூடாக்கி, ஆறவைத்து, ஜெல்லில் ஓட்டுவாள். ஜெல் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உறைந்த கூழ். மின்சாரம் கொடுத்தால் இழை அதற்குள் ஊர்ந்து போகும். கச்சிதமாக மடிந்தது முன்னே ஓடும், கைகாலை விரித்துக்கொண்டு மடிந்தது பின்தங்கும். மருந்தின் அளவை மாற்றி மாற்றி நாளுக்கு ஒரு ஜெல். முதல் வரிசையில் மட்டும் எப்போதும் மருந்து கலக்காத வெறும் இழை.

திங்கட்கிழமை வெறும் இழை, நிரல் சொன்ன கச்சிதமான மடிப்புக்குத் தகுந்தபடி, முன்னே ஓடியது. செவ்வாய்க்கிழமை பின்தங்கியது. புதன் முன்னே, வியாழன் பின்னே, வெள்ளி முன்னே. ஒரே புட்டி, ஒரே இழை, ஒரே கை.

"அக்கா, உங்க இழைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் கிளவுஸ்.

"என் இழையா? உன் ஜெல்லுக்குப் பிடிச்சிருக்கும்."

"என் ஜெல்லைச் சொன்னா எனக்குக் கோபம் வரும், சொல்லிட்டேன்."

மடிப்பக்கா முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். தொண்ணூற்று நான்கு எழுத்தையும் தாளில் அச்சிட்டு, கீழே அடிக்கோலை வைத்து, ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. வாலிலிருந்து தலைக்குத் தலைகீழாக அடித்துவிட்டேனோ என்று பார்த்தாள். இல்லை. நிரல் உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரியில் கணக்குப் போடும், ஜெல் அறையோ குளிர்ச்சி. சூட்டைக் குறைத்து மறுபடி ஓட்டினாள். எண் மாறியது, படம் மாறவில்லை. உப்பின் அளவை மாற்றினாள். அதே படம். நிரல் எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே பதிலைச் சொன்னது, ஜெல்தான் ஆளுக்கொரு நாள் முறை வைத்த மாதிரி மாற்றி மாற்றிச் சொன்னது. ஒரு நாள் சாயங்காலம் இதே யோசனையில் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி மூன்று நிறுத்தம் போய்விட்டாள்.

துறைத் தலைவியை நேரில் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் பெரியம்மா. அவர் இரண்டாவது வாரத் திங்களன்று மடிப்பக்காவைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை. முழங்காலை மேசைக் காலில் சாய்த்துக்கொண்டு அவள் நின்றாள்.

"இந்த இழை எப்படி மடியுது?"

"நிரல் ஒரு மாதிரி சொல்லுது மேடம். ஜெல் சில நாள் ஒத்துக்குது, சில நாள் ஒத்துக்கல."

"அது பதிலா?"

"இல்லைங்க மேடம்."

"வெளிக் கம்பெனி ஒண்ணு இந்த வேலையை எடுத்துக்கத் தயாரா இருக்கு. மாசக் கடைசிக்குள்ள உறுதியா ஒரு பதில் வேணும். வரலைன்னா மடிப்பு வேலை அவங்களுக்குப் போயிடும். நீங்க கீழ பதிவுக் கவுன்ட்டருக்கே போகலாம். அங்கயும் ஆள் தேவைதான்."

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. நோயாளிக்கு அடுத்த வேளை மருந்தைச் சொல்வது போலச் சொன்னார். மடிப்பக்கா தலையாட்டிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியின் இடது சக்கரம் ஒட்டாமல் சுற்றும், அவளுக்குப் பழகிப்போயிருந்தது. மத்தியானச் சாப்பாட்டை அப்படியே திருப்பி எடுத்துப் போனாள்.

கணவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "யார் மேல கோபம், என் சமையல் மேலயா?" என்றார்.

"செவ்வாயும் வியாழனும் மட்டும் இழை வேற மாதிரி மடியுது. கிழமை பார்த்தா மடியும்?"

"செவ்வாய் வியாழன் அங்க என்ன நடக்குது? கரண்ட் கூடக் குறைய வருதா? எங்க வேலையில மொதல்ல அதைத்தான் பார்ப்போம்."

மறுநாளே கட்டடத்து மின்காரரைப் போய்க் கேட்டாள். அவர் சிரிக்காமல் ஒரு நோட்டை எடுத்துப் பார்த்து, எல்லா நாளும் ஒரே மின்சாரம்தான் என்றார். குளிர்சாதனக்காரரைக் கேட்டாள். தரை துடைப்பவரிடம் எந்த நாளில் எந்தத் திரவம் ஊற்றுகிறீர்கள் என்றுகூடக் கேட்டாள். அவர், "ஏம்மா, வழுக்கி விழுந்தீங்களா?" என்று பயந்துபோனார்.

அந்த வாரம் செவ்வாய் பின்தங்கியது, சரி. ஆனால் வியாழன் முன்னே ஓடியது, வெள்ளி பின்தங்கியது. மூன்றாம் வாரம் செவ்வாய் முன்னே ஓடிவிட்டது. கிழமைக் கணக்கும் போயிற்று. நாட்காட்டியில் முன்னே ஓடிய நாளுக்கு வட்டமும் பின்தங்கிய நாளுக்குப் பெருக்கல் குறியும் போட்டு வைத்திருந்தாள். பார்த்தால் யாரோ வாய்க்கு வந்தபடி விளையாடிய ஆட்டம் போல இருந்தது.

இதற்கு நடுவில் பெரியம்மா அவளிடம் சொல்லாமலே இழையை வெளிக் கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். பதில் மூன்று வண்ணத்தில் வந்தது. அதே படம், அதே குழி, அதே முப்பத்தொன்று புள்ளி இரண்டு. பெரியம்மா அதை அவள் மேசையில் போட்டுவிட்டுப் போனார். தன் பதிலேதான் அவர்களுக்கும் வந்திருக்கிறது என்று சந்தோஷப்படுவதா, அப்படியானால் ஜெல் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதா என்று அவளுக்கு விளங்கவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள்.

மூன்றாம் வார வியாழன் சாப்பாட்டு இடைவேளையில் கிளவுஸ் புலம்பிக்கொண்டிருந்தாள். ஏணியிலிருந்து விழுந்த அவள் கணவருக்கு இடுப்பு மூட்டு மாற்றியிருந்தார்கள். செவ்வாயும் வியாழனும் ஐந்து மணிக்குப் பயிற்சி, நகரத்தின் மறுகோடியில். அவரைத் தனியாக அனுப்ப முடியாது. தாழ்வான நாற்காலியில் உட்காராதே என்று நூறு தடவை சொன்னாலும் உட்கார்ந்துவிடும் ரகம்.

"அந்தப் பயிற்சிக்கார அம்மாவுக்கு நேரம் காலமே கிடையாதுக்கா. இந்தச் செவ்வாய் வர முடியாதுன்னு அன்னிக்குக் காலையிலதான் போன் பண்றாங்க. நான் வழக்கம்போல இங்க அஞ்சரை வரைக்கும் இருந்தேன்."

மடிப்பக்கா வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினாள். "இந்தச் செவ்வாயா?"

"ஆமா."

"போன வாரம் வியாழன் போனியா?"

"எங்க? அதை வெள்ளிக்கு மாத்திட்டாங்க. ஏன், நான் சீக்கிரம் போறதைப் பெரியம்மா விசாரிக்கச் சொன்னாங்களா?"

"அதெல்லாம் இல்ல. சீக்கிரம் போற நாள்ல, இழையைச் சூடாக்கினதும் என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன், குழாயை ஐஸ்ல குத்துவேன். ஒரு நிமிஷத்துல ஆறிடும். ரெண்டு மணிக்கு ஜெல்ல ஏத்தினா மூணரைக்குள்ள முடிஞ்சிரும். மத்த நாள் ஹீட்டரை அணைச்சிட்டு அதுக்குள்ளயே விட்டுடுவேன், தானா ஆற ஒண்ணரை மணி நேரம் ஆகும். எப்படி ஆறினா என்ன, ஆறுறதுதானே?"

மடிப்பக்கா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள். ஜெல் படங்களை எடுத்து வரிசையாக விரித்தாள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரம் அச்சாகியிருந்தது. மூன்று வாரமாக அது அங்கேயேதான் இருந்தது, அவள் பார்க்கவில்லை. மூன்றரைக்குள் எடுத்த படங்களிலெல்லாம் பெருக்கல் குறி. ஐந்து மணிப் படங்களிலெல்லாம் வட்டம். ஒன்றே ஒன்று தவிர. நேற்று, புதன்கிழமை, ஐந்து மணிப் படத்தில் இரண்டும் கலந்திருந்தன. அது ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பின்னாலேயே கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்ற கிளவுஸின் முகம் சிவந்திருந்தது. "அப்ப தப்பு என் மேலன்னு சொல்லப் போறீங்க. பதினெட்டு வருஷம். ஒரு புட்டி உடைச்சதில்ல நான்."

"செய்முறைத் தாளை எடு."

சுவரில் ஒட்டியிருந்த தாளில் ஒரே வரிதான் இருந்தது. 'நன்றாகச் சூடாக்கி ஆறவிடவும்.' எப்படி, எவ்வளவு நேரம், ஒன்றும் இல்லை. கீழே பெரியம்மாவின் கையெழுத்து, ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதியோடு.

"நீ தாள்ல இருக்கிறதைத்தான் செஞ்சிருக்க. மூக்கைத் துடை. கையுறையில துடைக்காத."

அதன்பிறகு மடிப்பக்கா பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தாள். நிரலின் பதிலில் முதல் வரிக்குக் கீழே பார்த்தாள். இரண்டாம் வரி இருந்தது. கழித்தல் இருபத்தொன்பது புள்ளி ஆறு. அதில் தலையும் வாலும் சேரவில்லை. அக்கம்பக்கத்து எழுத்துகளே ஒட்டிக்கொண்டு, மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவு போல இரண்டு வளைவுகள். குழி இல்லை. ஐஸில் குத்தியதும் இழை பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொள்கிறது. மெல்ல ஆறினால் தூரத்து ஜோடியைத் தேடிப் போக அவகாசம் கிடைக்கிறது.

சாயங்காலம் இதைக் கேட்ட கணவர், "ஓ, நடு மாடியில நின்ன லிஃப்ட்" என்றார். "கீழ் மாடி இருக்குன்னு அதுக்குத் தெரியாமலா? வழியில சிக்கிக்கிச்சு."

"அவ்வளவு லேசா சொல்லாதீங்க. ரெண்டு எண்ணுக்கும் வித்தியாசம் ஒண்ணு புள்ளி ஆறுதான். நிரல் அந்த அளவுக்குத் தப்பு பண்ணும்னு கையேட்டிலயே எழுதியிருக்கு. எது கீழ் மாடி, எது நடு மாடின்னே நிச்சயமா சொல்ல முடியாது."

"அப்ப எனக்கும் புரியல" என்று ஒப்புக்கொண்டு அவர் துணியை மடிக்கப் போனார்.

மறுநாள் ஒரே குழாயிலிருந்த இழையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஐஸில் வைத்தார்கள், ஒன்றை மெல்ல ஆறவிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டினார்கள். ஒன்று முன்னே, ஒன்று பின்னே. இரண்டு பேருமாகப் படத்தையும் செய்முறைத் தாளையும் பெரியம்மாவிடம் கொண்டுபோனார்கள். அவர் படத்தையும் பார்த்தார், செய்முறைத் தாளில் தன் கையெழுத்தையும் பார்த்தார். தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"சரி. பட்டை செய்யற தொழிற்சாலையில எப்படி ஆறவைப்பாங்க?"

அங்கேயே போன் போட்டார்கள். மறுமுனையில் இருந்தவர், "ஆறவைக்கிறதா? நாங்க சூடே பண்றதில்லையே. பொடியாத்தான் வருது, பச்சைத் தண்ணியில கரைச்சு ஒட்டுறோம்" என்றார்.



"அப்படிக் கரைச்சா எந்த மடிப்பு வரும்?" என்றார் பெரியம்மா.

"தெரியலைங்க மேடம்."

"நிரல் சொல்லாதா?"

"கடைசியில எங்க போய் உட்காரும்னுதான் அது சொல்லும். எந்த வழியா போகும், வழியில எங்க மாட்டும்னு சொல்லாது."

"மாசக் கடைசிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு" என்று மட்டும் சொன்னார் பெரியம்மா.

பச்சைத் தண்ணீரில் கரைத்து ஓட்டியபோது இரண்டு மடிப்பும் பாதிக்குப் பாதி வந்தது. கிளவுஸ் தலையில் அடித்துக்கொண்டாள், கையுறையோடு. எந்த மடிப்பு உண்மை என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பதினோரு நாளும் அதிலேயே போய்விடும் என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது. நோயாளி கட்டிலிலிருந்து இடப்பக்கம்தான் விழுவார் என்றால், ஏன் என்று யோசித்து நிற்பதில்லை, இடப்பக்கத் தடுப்பை ஏற்றிவிடுவதுதான் முறை.

முதல் மடிப்பில் சும்மா நின்று, இரண்டாம் மடிப்பில் மட்டும் ஜோடி சேரும் எழுத்துகள் எவை என்று தேடினாள். குழியைத் தொடாதவையாக ஐந்து கிடைத்தன. அவற்றில் ஒன்றையோ இரண்டையோ மாற்றினால் கொண்டை ஊசி வளைவு ஒட்டாது. மாற்றக்கூடிய வழிகள் நூற்றைந்து. நூற்றைந்தையும் நிரலில் ஓட்டினாள், உடம்புச் சூட்டில் ஒருமுறை, அறைச் சூட்டில் ஒருமுறை. இந்த முறை முதல் வரியோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றிலும் முதல் வரிக்கும் குழியில்லாத வரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குறித்தாள். பல மாற்றங்களில் பழைய வளைவு போய்ப் புதிதாக வேறொரு வளைவு முளைத்தது. சிலவற்றில் குழியே காணாமல் போயிற்று. அறுபத்திரண்டாவதில்தான் இடைவெளி மிகப் பெரிது, ஏழு புள்ளி நான்கு. இரண்டு தடவை சரிபார்த்து, அதைச் செய்து தரச் சொல்லி இழை தயாரிப்பவர்களுக்கு எழுதி அனுப்பினாள்.

புது இழை வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் அவள் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தாள். கையேட்டைப் பைக்குள் வைத்தாள், வெளியே எடுத்தாள், மறுபடி வைத்தாள். கீழே பதிவுக் கவுன்ட்டர் பக்கம் போகாமல் பின்படியில் ஏறி இறங்கினாள், முழங்கால் வலித்தாலும்.

இழை வந்த அன்று மூன்று விதமாகச் சோதித்தார்கள். ஐஸ், மெல்ல ஆறியது, பச்சைத் தண்ணீர். அன்று செவ்வாய். கிளவுஸ் தன் கணவரைப் பயிற்சிக்கு அழைத்துப் போகத் தங்கையை அனுப்பிவிட்டு ஜெல் பக்கத்திலேயே நின்றாள். மூன்று வரிசையும் முன்னே ஓடின. ஒரே உயரம். ஆனால் ஐஸ் வரிசையில், பின்னால் ஒரு மெல்லிய நிழல்.

"அதை வெட்டிட்டுப் படம் காட்டலாமாக்கா?" என்றாள் கிளவுஸ் மெதுவாக.

"உன் கையுறையை வெட்டுவேன்."

பெரியம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மருந்து கலந்த வரிசைகளையும் பார்த்தார், குழியில் மருந்து உட்கார்ந்திருந்தது. பிறகு விரலை நிழல்மேல் வைத்தார்.

"இது என்ன?"

மடிப்பக்காவுக்கு ஏதாவது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. நாலைந்து பதில் வாய் வரைக்கும் வந்தது. ஒன்றுகூட அவளே நம்பக்கூடியதாக இல்லை.

"தெரியலைங்க மேடம். நூத்துல ரெண்டு மூணு பங்கு இருக்கும். பட்டைக்கு அது பாதகமில்ல. ஆனா என்னன்னு தெரியல."

பெரியம்மா வெளிக் கம்பெனியின் மூன்று வண்ணத் தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். "இதுல தெரியலைன்னு ஒரு இடத்துலயும் எழுதல" என்றார். அது பாராட்டா புகாரா என்று மடிப்பக்காவுக்குப் புரியவில்லை. நின்றபடியே காத்திருந்தாள்.

"உட்காருங்க, கால் வலிக்குதுல்ல." ஒரு ஃபைலை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "அடுத்தது நூத்து முப்பது எழுத்து. போன வாரமே அந்தக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கணும், வச்சிருந்தேன். உங்க மேசையிலயே பார்த்துடுங்க."

மடிப்பக்கா உட்கார்ந்தாள். ஃபைலைத் திறக்காமல் மேலே கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இதை எப்படி ஆறவைக்கப் போறாங்க மேடம்?"

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துத் தொழிற்சாலை எண்ணைத் தேட ஆரம்பித்தார்.